முலாம் ஏன் கருகியது?



சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு வந்தவர்கள், வேதியியல் மேசையின் ஓரத்தில் இரண்டு பேட்ஜுகள் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டிருப்பீர்கள். ஒன்று புதுச் செப்புக்குடம் போல மின்னியது. மற்றொன்று அடுப்புக்கரி பூசியது போல இருந்தது. "கறுத்ததை எதற்கு வைத்தீர்கள்? எடுத்து ஒளித்து வைக்கக் கூடாதா?" என்று கேட்டவர்கள் பலர். அந்தக் கறுப்புப் பேட்ஜின் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பித்தளைப் பேட்ஜின் மேல் செப்பு முலாம் பூசிக் காட்டுவது என்று பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐவரும் முடிவு செய்திருந்தோம். பாடநூலில் படித்ததுதானே என்ற துணிச்சல். ஒரு லிட்டர் நீரில் 125 கிராம் மயில்துத்தம் கரைத்து, சிஸ்டர் அவர்கள் தம் கையாலேயே கந்தக அமிலம் சேர்த்துக் கொடுத்தார்கள். செப்புத் தகட்டை நேர்மின்வாயாகவும் பேட்ஜை எதிர்மின்வாயாகவும் தொங்கவிட்டு, 2 ஆம்பியர் மின்சாரம் செலுத்தினோம். வேகமாக முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு. பத்து நிமிடத்தில் எடுத்துப் பார்த்தால், ஓரங்களிலும் மேற்பகுதியிலும் கன்னங்கரேலென்று ஒரு பொடி! விரலால் தொட்டால் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது.

முதல் பழி மயில்துத்தத்தின் மேல் விழுந்தது. அது எங்களுள் ஒருத்தியின் அப்புச்சி தோட்டத்தில் போர்டோ கலவைக்காக வாங்கி வைத்திருந்தது. பாவம், அந்தக் கிழவர் அனுப்பியதைக் குறை சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துத் தூய உப்பை எடுத்தோம். அப்போதும் கறுப்புத்தான். அடுத்த பழி எண்ணெய்ப் பசையின் மேல். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவினோம். அப்போதும் கறுப்புத்தான். கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டோமோ என்று மும்முறை சரிபார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. கண்காட்சிக்கு ஒன்பதே நாட்கள் இருந்தன. எங்களுள் இருவர் அழுதேவிட்டோம்.

மாலையில் முகவைகளைக் கழுவ வந்தபோதுதான் சிஸ்டர் ஒன்றைச் சுட்டிக் காட்டினார்கள். உயரமான கண்ணாடி ஜாடியில் கரைசல் அசையாமல் நின்றது. அதன் மேற்பகுதி வெளிறிய நீலமாகவும் அடிப்பகுதி அடர்ந்த நீலமாகவும் இருந்தன. காலையில் ஊற்றியபோது ஒரே நிறம்தானே? "இதற்குக் காரணம் சொல்லுங்கள், பேட்ஜ் கறுத்ததற்கும் காரணம் கிடைக்கும்" என்று கூறிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

கரைசலில் உள்ள செப்பு அயனி ஒன்று பேட்ஜை எப்படி வந்தடைகிறது? நேர்மின்னேற்றம் உடையது, எதிர்மின்வாய் இழுக்கிறது, வருகிறது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது முழு உண்மையன்று. அயனிக்கு மூன்று வழிகள் உண்டு. மின்புலத்தால் இழுக்கப்படுதல் ஒன்று. செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்திற்குத் தானாகப் பரவுதல் மற்றொன்று. இதை விரவல் என்பர். கரைசலே ஓடும்போது அதனோடு சேர்ந்து செல்லுதல் மூன்றாவது, இதுவே சலனம்.

இவற்றுள் முதல் வழி எங்கள் ஜாடியில் ஏறக்குறைய அடைபட்டிருந்தது. காரணம், நாம் சேர்த்த அமிலம். அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் மிகவும் வேகமானவை. கரைசலின் நடுவே மின்சாரத்தைச் சுமக்கும் வேலையில் பெரும்பங்கை அவையே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பேட்ஜின் மேல் படிய வேண்டியது செம்பு. சுமப்பவர் ஒருவர், செலவாகிறவர் ஒருவர்! ஆகவே செப்பு அயனி விரவலாலும் சலனத்தாலுமே வந்து சேர வேண்டும்.

விரவல் எவ்வளவு மெதுவானது என்பதைக் கணக்கிட்டபோது நாங்கள் திகைத்தோம். ஒரு செப்பு அயனி விரவலால் மட்டும் ஒரு சென்டிமீட்டர் கடக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். ஆனால் 0.1 மில்லிமீட்டர் கடக்க 7 விநாடி போதும். தூரம் நூறில் ஒரு பங்கானால் நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிறது. தொலைவுக்கு உதவாதது விரவல். மிக அருகில் அதுவே போதும்.

நம் கொங்குச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க ஒரு வாய்க்கால் போதும். வாய்க்காலில் தண்ணீர் ஓடி வருகிறது. ஆனால் அது செடியின் வேருக்குள் ஓடுவதில்லை. வாய்க்கால் கரையிலிருந்து வேர் வரை மண்ணில் ஊறித்தான் செல்ல வேண்டும். ஓடுவது சலனம், ஊறுவது விரவல். வாய்க்கால் பத்தடி தள்ளி இருந்தால் செடி வாடும், அருகே வெட்டிவிட்டால் தழைக்கும். கரைசலைக் கலக்குவது என்பது வாய்க்காலை வேருக்கு அருகில் வெட்டுவதுதான்.

அப்படியானால் நன்றாகக் கலக்கி, வாய்க்காலை வேரின் மேலேயே கொண்டுவந்துவிட முடியாதா? முடியாது. ஒரு திடப்பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர், எவ்வளவு கலக்கினாலும் அதன்மேல் வழுக்கி ஓடாது. நம் வகுப்பறை மின்விசிறியைப் பாருங்கள். அவ்வளவு வேகமாகச் சுழன்றும் அதன் இறக்கையில் தூசி அப்பிக்கிடக்கிறது அல்லவா? இறக்கையைத் தொடும் காற்று இறக்கையோடு சேர்ந்தே செல்வதால், தூசியின்மேல் காற்று வீசுவதே இல்லை. மின்வாயை ஒட்டியும் இவ்வாறே ஒரு மெல்லிய படலம் உண்டு. அதை விரவலால் மட்டுமே கடக்க முடியும் என்ற கருத்தை ஜெர்மானிய அறிஞர் நெர்ன்ஸ்ட் 1904-இல் முன்வைத்தார். இக்காலத்தில் நோக்கினால் அது ஓர் எளிய சித்திரமே. படலத்துக்குள்ளும் நீர் சிறிது நகரத்தான் செய்கிறது. ஆயினும் கணக்குப் போட அச்சித்திரம் இன்றும் பயன்படுகிறது.

கலக்காத கரைசலில் இப்படலம் சுமார் 0.2 மில்லிமீட்டர் இருக்கும். நன்கு கலக்கினால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவாகவும் ஆகும். படலம் மெலியும் அதே விகிதத்தில், வந்து சேரும் அயனிகளின் எண்ணிக்கை கூடும். எங்கள் கரைசலின் செறிவையும் 0.2 மில்லிமீட்டரையும் வைத்துக் கணக்கிட்டோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியருக்கு மேல் செம்பு தாங்காது என்று விடை வந்தது. இதை எல்லை மின்னோட்டம் என்பர். பேட்ஜின் இரு பக்கமும் சேர்ந்து 20 சதுர சென்டிமீட்டர். ஆக 0.6 ஆம்பியரே எல்லை. நாங்கள் செலுத்தியதோ 2 ஆம்பியர்!

எல்லையை மீறினால் நடப்பது என்ன? மின்வாயின் மேற்பரப்பில் செப்பு அயனியே இல்லாமல் போகிறது. மின்சாரமோ நிற்பதில்லை. செம்பு கிடைக்காதபோது அது ஹைட்ரஜனை வாயுவாக வெளியேற்றுகிறது. வந்து சேரும் சில செப்பு அயனிகளும் ஒழுங்காக அடுக்கி உட்கார நேரமின்றி, முதலில் எதிர்ப்படும் மேட்டின்மேல் ஏறி நிற்கின்றன. மேடு மேலும் மேடாகிறது. அதுவே நம் விரலில் ஒட்டிய கறுத்த பொடி. உண்மையில் எல்லையைத் தொடுமுன்பே சொரசொரப்புத் தொடங்கிவிடும். (செப்புத் தூள் தயாரிக்கும் ஆலைகளில் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள். எங்களை அழவைத்த பொடி அங்கே விற்பனைச் சரக்கு!)

இனி அந்த இரு நீலங்கள். பேட்ஜின் அருகே செம்பு குறைந்த கரைசல் எடை குறைந்து மேலே எழும்புகிறது. செப்புத் தகட்டின் அருகே செம்பு கரைந்து அடர்ந்த கரைசல் கீழே இறங்குகிறது. யாரும் கலக்காமலே ஜாடிக்குள் ஓர் ஓட்டம் நடக்கிறது. இதை இயற்கைச் சலனம் என்பர். ஜாடிக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துப் பார்த்தோம். பேட்ஜை ஒட்டிக் கண்ணாடி நூல் போல ஏதோ நெளிந்து நெளிந்து மேலேறியது. தோழியரே, அந்தக் காட்சியை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏட்டில் படித்தது கண்முன்னே நகர்கிறது! கீழிருந்து மேலேறும் அந்த நீர், ஏற ஏறச் செம்பை இழந்துகொண்டே போகிறது. எனவேதான் பேட்ஜின் மேற்பகுதி அதிகமாகக் கருகியது. ஓரங்கள் கருகியதற்குக் காரணம் வேறு; மின்சாரம் எப்போதும் கூர்முனைகளிலும் விளிம்புகளிலும் மிகுதியாகக் கூடும்.

இவ்வளவும் தாளில். செய்முறையில் ஐயம் தீர, எங்களுள் ஒருத்தியின் சித்தப்பாவிடம் சென்றோம். அவர் கணபதியில் ஒரு சந்துக்குள் முலாம் பட்டறை வைத்திருக்கிறார். சரவணம்பட்டியிலிருந்து சத்தி ரோட்டில் பஸ்ஸில் சிறிது தூரம்தான். மோட்டார் பம்பு உதிரிகள், மில் இயந்திர உதிரிகள், போல்ட்டு நட்டுகள் எல்லாம் கூலி வேலையாக அங்கே வருகின்றன. கறுத்த பேட்ஜை வாங்கித் திருப்பிப் பார்த்தவர், ஒரு விநாடியில் சொல்லிவிட்டார்.

"இது கருகல் கண்ணு. பாத்தைக் கலக்காம ஆம்பியரை ஏத்தி விட்டிருக்கீங்க."

நாங்கள் நான்கு நாட்கள் தாள் தாளாகப் போட்ட கணக்கு!

நிக்கல் தொட்டியில் அடியிலிருந்து காற்றுக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. மற்றொரு தொட்டியில் உருப்படிகள் தொங்கும் கம்பியே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. சிறு ஆணிகளையும் நட்டுகளையும் துளைகளுள்ள ஒரு பீப்பாயில் போட்டுத் தொட்டிக்குள் உருட்டுகிறார்கள். நீரை அசைத்தாலும் சரி, உருப்படியை அசைத்தாலும் சரி, படலத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. "அப்படீன்னா பேய் மாதிரி கலக்கினா இன்னும் நல்லதா சித்தப்பா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "அடி மண்டியக் கிளப்பினா முலாம் மணல் மணலா வருமுங்க அம்மணி. அதுக்குத்தான் தகட்டுக்குத் துணிப்பை போட்டிருக்கு, வடிகட்டியும் ஓடுது." குரோமியத் தொட்டிக்கு அருகே மட்டும் எங்களை அவர் விடவில்லை. அங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி ஹைட்ரஜனாகவே போகிறது. அந்தக் குமிழிகள் வெடிக்கும்போது குரோமிக் அமிலத் திவலைகள் காற்றில் கலக்கின்றன. அது மூச்சில் போகக் கூடாத நஞ்சு.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதைச் சிஸ்டர் பிறகு விளக்கினார்கள். தட்டையான வட்ட மின்வாய் ஒன்றைப் பம்பரம் போலச் சுழற்றினால் அயனிகள் எந்த அளவு வந்து சேரும் என்பதை, சோவியத் அறிஞர் லெவிச் 1942-இல் கணித முறையில் கண்டறிந்தார். சுழற்சியை நான்கு மடங்காக்கினால் மின்னோட்டம் இரண்டு மடங்குதான் ஆகும். நிமிடத்துக்கு 900 சுற்றில் படலம் சுமார் 0.015 மில்லிமீட்டர் என்றால், 3600 சுற்றில்தான் அதில் பாதி. கலக்கக் கலக்க லாபம் குறைந்துகொண்டே வரும் என்பதைப் பட்டறைக்காரர்கள் கரண்டு பில்லைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள் போலும்!

இந்தச் சுழலும் மின்வாய் எங்கோ ருசியாவில் மட்டும் இருந்ததன்று. நம் மாநிலத்திலேயே, காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் பொங்கல் நாளை ஒட்டி, ஜனவரி 14 அன்று, டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கிய எச். வி. கே. உடுப்பாவும் உடன் பணியாற்றிய ஆய்வாளர்களும், சுழலும் மின்வாய்களைக் கொண்டு கரிமச் சேர்மங்களைத் தயாரிக்கும் முறைகளை ஆராய்ந்தார்கள். சாலிசிலிக் அமிலத்திலிருந்து சாலிசிலால்டிஹைடு பெறுவது அவற்றுள் ஒன்று. மின்வாய் சுழல்வதால் படலம் மெலிகிறது. அதனால் அதே அளவுள்ள தொட்டியில் மிகுந்த மின்னோட்டத்தைச் செலுத்த முடிகிறது. எங்கள் பேட்ஜுக்கு வேண்டியிருந்ததும் இதுவே.

எங்களிடம் சுழலும் மின்வாய் ஏது? மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு ஒன்றைக் கடன் வாங்கினோம். துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை ஜாடியின் அடியில் வைத்தோம். இம்முறை பேராசையை விட்டு 0.8 ஆம்பியர், அரை மணி நேரம். ஒரு பேட்ஜுக்குக் குமிழி. மற்றொன்றுக்கு அசையாத கரைசல். மற்றவை யாவும் ஒன்றே. ஃபாரடே விதிப்படி அரை கிராமுக்குச் சற்றுக் குறைவான செம்பு, அதாவது 0.026 மில்லிமீட்டர் தடிமன், படிய வேண்டும். குமிழி விட்டது மின்னியது. அசையாதது கறுத்தது. கண்காட்சியில் நீங்கள் கண்டவை அவ்விரண்டுமே.

கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் நன்றி சொல்லப் பட்டறைக்கு மறுபடியும் சென்றபோது, சித்தப்பா வேறொரு கவலையில் இருந்தார். முலாம் பூசிய உருப்படியைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது, அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய நீர்ப்படலமும் கூடவே வருகிறது. அதில் நிக்கலும் குரோமியமும் உண்டு. அதை அலசும் நீர் அத்தனையையும் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், வெளியேறும் நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அவரோ ஒரே ஓர் அலசு தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு அலசிக்கொண்டிருந்தார். நீரும் விலைக்கு வாங்கியது, சுத்திகரிப்பதற்கும் செலவு. அந்தச் சந்தின் சாக்கடை சங்கனூர்ப் பள்ளத்தை நோக்கிப் போகிறது. பள்ளத்து நீர் சிங்காநல்லூர்க் குளத்துப் பக்கம் போகிறது. வழியில் எத்தனை வீட்டுக் கிணறுகள், எத்தனை ஆழ்குழாய்கள்!

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டிக்குள் எங்கள் பேட்ஜைக் கெடுத்ததும் உருப்படியை ஒட்டிய நீர்தான். இப்போது வெளியே வந்து கவலை கொடுப்பதும் அத்தகைய நீர்தான். சாக்கட்டியை எடுத்து அவர் பட்டறைச் சுவரிலேயே கணக்குப் போட்டோம். ஒட்டி வரும் நீர் ஒரு லிட்டர் என்று கொள்வோம். அதை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ய, ஒரே தொட்டியானால் 1000 லிட்டர் நீர் வேண்டும். இரண்டு தொட்டிகளை வைத்து, உருப்படி முதல் தொட்டியிலிருந்து இரண்டாவதற்கும், நீர் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கும் எதிரெதிரே செல்லுமாறு அமைத்தால் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டியானால் 10 லிட்டர்! சூடான நிக்கல் தொட்டியில் நீர் ஆவியாகக் குறைந்துகொண்டே இருப்பதால், முதல் அலசு நீரை அதிலேயே திரும்ப ஊற்றிக்கொள்ளவும் முடியும். சாக்கடைக்குப் போகவிருந்த நிக்கல் தொட்டிக்கே திரும்புகிறது. மிச்சமுள்ள கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொறுப்பு அப்போதும் தீராது. ஆனால் அதன் அளவு சிறிதாகிவிடும்.

சித்தப்பா சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாஞ் சரி கண்ணு. அலசற தொட்டியில தண்ணி சும்மா நின்னுட்டிருந்தா இந்தக் கணக்குச் செல்லுமா? ஒட்டுன தண்ணி ஒட்டுன மாதிரியே இருக்குமல்லோ?" என்றார்.

எங்கள் ஐவருக்கும் வாயடைத்துப் போயிற்று. தொட்டியில் எல்லாம் சீராகக் கலந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் அந்தக் கணக்கையே போட்டிருந்தோம்! கலக்காத அலசு தொட்டியில் அந்தப் படலம் விரவலால் மெல்ல மெல்லத்தான் கரையும். பத்து விநாடியில் உருப்படியை எடுத்துவிட்டால் நஞ்சின் ஒரு பங்கு ஒட்டியபடியே அடுத்த தொட்டிக்குப் போய்விடும். ஆக அலசு தொட்டிக்கும் குமிழி வேண்டும். மீன்தொட்டிப் பம்பை வைத்து எங்களுக்கு நாங்களே பாடம் நடத்திக்கொண்டவர்களுக்கு இது தோன்றவில்லை. முப்பது வருடம் தொட்டியோரம் நின்றவருக்குத் தோன்றியது.

விடுமுறையில் ஒரு முறை எட்டிப் பார்த்தோம். இரண்டாவது அலசு தொட்டி வந்துவிட்டது. இரண்டின் அடியிலும் துளையிட்ட குழாய் ஓடுகிறது. நிக்கல் தொட்டிக்குக் காற்றடிக்கும் அதே புளோயரிலிருந்து ஒரு கிளை. மூன்றாவதற்கு இடம் இல்லை என்கிறார். கதவுக்குப் பின்னால் செருகக்கூடிய அளவில் ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார். நாங்கள் சாக்கட்டியில் எழுதிய கணக்கு சுவரில் அப்படியே இருக்கிறது. அதன் கீழே, வேறு கையெழுத்தில், அந்த மாதத்துத் தண்ணீர் லாரிக் கணக்கு எழுதப்பட்டிருந்தது.